அலோக்காரர்

ரெலிபோன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஏலாது. அது யாருடைய ரெலிபோன், யாருக்கு வந்த அழைப்பு என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. மணி அடித்தால் எடுக்கவேண்டும். எடுத்தவுடன் ஒரே குரலில், "அலோ, பொயர்வேர்!" என்பார். தீயணைப்புப் படை என்று அர்த்தம். பல் வைத்தியரின் வரவேற்பு மேசையிலும் அப்படித்தான் எடுத்தார். இறைச்சிக் கடையில் கடைக்காரி பின்பக்கம் போயிருந்த நேரம் மேசைக்கு மேலால் எட்டி எடுத்து, யாரோ ஒருவருக்கு ஒன்றரைக் கிலோ இறைச்சிக்கு ஓடர் வாங்கி வைத்ததும் எனக்குத் தெரியும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் அலோக்காரர். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

எண்பதுகளின் நடுவில் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் கடந்து, அசூல் அடித்தவர்களில், அதாவது அகதியாகப் பதிந்தவர்களில், நானும் ஒருவன். மேற்கு ஜேர்மனியில் ஹம் நகருக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தச் சிறுநகரத்துக்கு என்னை அனுப்பினார்கள். நகரசபையிடம் எங்களை வைக்க வேறு இடம் இருக்கவில்லை. தொண்டர் தீயணைப்பு நிலையத்தின் மேல்மாடி காலியாகக் கிடந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, ஆறு தமிழர்கள். கீழே செங்கல் கூடத்தில் இரண்டு சிவப்பு வண்டிகள். பின்பக்கம் நனைந்த நீர்க்குழாய்களை மேலிருந்து தொங்கவிட்டுக் காயவைக்கிற ஒடுங்கிய கோபுரம். கோபுரத்தின் உச்சியில் சைரன்.

அந்தச் சைரனைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் வந்த முதல் சனிக்கிழமை மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்த நேரம், தலைக்கு மேலே அது ஊளையிட்டது. ஆறு பேரும் நிலத்தில் விழுந்து படுத்துவிட்டோம். குகன் மேசைக்குக் கீழே புகுந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். அவனுடைய வீட்டில் அதற்கு முந்தின வருடம்தான் செல் குண்டு விழுந்திருந்தது. சத்தம் அடங்கியபின் யாரோ படியேறி வந்தார்கள். வாசலில் நீலச் சீருடையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த மனிதர் நின்றார். அவர்தான் அலோக்காரர். நிலத்தில் கிடந்த எங்களையும், கொட்டிக்கிடந்த சோற்றையும் பார்த்தார். இறங்கிப் போனார். அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, கீழேயிருந்து எங்கள் அறைச் சூடாக்கிக் குழாயில் இரும்பால் மூன்று தட்டுக் கேட்டது. அதற்குப் பிறகு சைரன். நாங்கள் அங்கே இருந்த மூன்று வருடமும் அந்த மூன்று தட்டு ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

பகலில் அவர் நகரசபையின் தண்ணீர்ப் பகுதியில் வேலை பார்த்தார். மற்ற நேரமெல்லாம் நிலையத்தில்தான். படையின் கருவிகளுக்குப் பொறுப்பு அவருடையது. கல்யாணம் கட்டவில்லை. அதிகம் பேசமாட்டார். சிரித்து நான் பார்த்தது நாலைந்து தடவை இருக்கும்.

மேல்மாடியில் ஒரு ரெலிபோன் இருந்தது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு தீயணைப்பு எண் இருந்ததாகவும், அந்த அழைப்புகள் இந்த மேல்மாடிக்குத்தான் வந்ததாகவும், இங்கே குடியிருந்தவர்கள் அதை எடுத்துச் சைரனை அழுத்தியதாகவும் பிறகு அறிந்தேன். நாங்கள் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னர் எல்லா அழைப்பும் மாவட்டத் தலைமையகத்துக்கு மாறிவிட்டது. ரெலிபோனை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். தன் செலவில் யாரும் இலங்கைக்குப் பேசிவிடக்கூடாது என்று எண் சுழற்றும் தட்டுக்கு நகரசபை ஒரு சின்னப் பூட்டுப் போட்டிருந்தது. அழைப்பு வரும், போகாது. எங்களுக்கு அதுவே பெரிய காரியம். பாரிசிலிருந்தும், லண்டனிலிருந்தும், எப்போதாவது கொழும்பிலிருந்தும் ஆட்கள் எங்களுக்கு அழைப்பு எடுப்பார்கள்.

நாங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் மணி அடித்தால், அவர் கீழேயிருந்து படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிவந்து எடுப்பார். எங்கள் கதவுக்கு ஒரு திறப்பு தன்னிடம் வைத்திருந்தார். எங்களுக்கு அது முதலில் பிடிக்கவில்லை.

"எங்கட வீட்டுக்குள்ள ஆள் இல்லாத நேரம் வந்து போறார். ஆரிட்டையும் சொல்லிவைக்க வேணும்," என்றான் குகன்.

"ஆரிட்டச் சொல்லப்போறாய்? கட்டிடமே அவையின்ரை," என்றேன் நான்.

ஆனால் அவர் ஒரு பொருளையும் தொட்டதில்லை. ரெலிபோனுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி மட்டும் வைத்தார். அழைப்பு வந்த நேரம், நிமிடம், மறுபக்கத்தில் சொன்னது. ஒரு சொல்லும் விளங்காமல், காதில் விழுந்த தமிழை அப்படியே ஜேர்மன் எழுத்தில் எழுதுவார். நாங்கள் வந்து அதை உரத்து வாசித்துக் கண்டுபிடிப்போம். "மாமி பெட்டி அனுப்பிட்டா" என்பது மூன்று நாள் விளங்காமல் கிடந்து, நாலாம் நாள் ஒருவன் குளித்துக்கொண்டிருக்கும்போது விளங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் மொழி வகுப்பிலிருந்து வந்தபோது அவர் படியின் கீழ்த்தட்டில் நின்றார். கையில் கொப்பி.

"உனக்குத்தான். கொழும்பு. நீண்ட நேரம் பேசினார். நான் வைக்கவிடவில்லை, இன்னொருதரம், இன்னொருதரம் என்று சொல்லச் சொல்லி முழுக்க எழுதியிருக்கிறேன்," என்றார். அவருக்கு அன்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒரு சொல் தவறவில்லை என்பது அவருடைய எண்ணம்.

நான் நின்ற இடத்திலேயே வாசித்தேன். நாலு மணி ஏழு நிமிடம். அண்ணா எடுத்திருந்தார். அப்பா செத்துப்போனார். நேற்றுக் காலமை. நெஞ்சு நோ. நீ வரவேண்டாம். அம்மா சுகம். ஒவ்வொரு சொல்லும் மூன்று தடவை எழுதப்பட்டிருந்தது. அவர் திரும்பத் திரும்பக் கேட்டதால் அண்ணா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

நான் படியில் இருந்துவிட்டேன். அவருக்கு என்னுடைய முகத்திலிருந்து விளங்கியிருக்க வேண்டும். கொப்பியை என் கையிலிருந்து மெல்ல எடுத்து, "உன்னுடைய தகப்பனா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் எனக்குப் பக்கத்தில் அதே படியில் இருந்தார். தோளைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "உடனே எடுத்தேன். இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டேன்," என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. நானும் அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் இருக்கவில்லை.

அடுத்த மாதம் நான் தீயணைப்புப் படையில் சேர்ந்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சைரன் அடித்தால் எப்படியும் எழும்பத்தான் வேண்டியிருந்தது. வதிவிட உரிமைக்கு நல்லது என்று ஒரு வழக்கறிஞரும் சொன்னார். எனக்கு முதலில் குழாய் சுருட்டக் காட்டித் தந்தவர் வேறொருவர். அலோக்காரர் என்னைப் படைக்குச் சேர்த்ததாகவோ பழக்கியதாகவோ யாரும் நினைக்கவேண்டாம். பயிற்சி நாட்களில் அவர் கோபுரத்தடியில் தன்பாட்டில் குழாய்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்.

கைத்தொலைபேசி வந்த காலம் அவருக்குப் பெரிய சோதனை. முன்பு ரெலிபோன் ஒரு சுவரில் இருந்தது. இப்போது எல்லாருடைய சட்டைப் பையிலும் அடித்தது. அதைவிட, ஆட்கள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்ப உள்ளே வைத்தார்கள். அதை அவரால் பார்க்க முடியவில்லை. ஒருமுறை படையின் கூட்டத்தில் ஒருவன் மனைவியின் அழைப்பை அப்படித் தட்டிவிட்டான். அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். முகம் வெளிறிப்போயிருந்தது. "எடு," என்றார். "பிறகு எடுக்கலாம், ஒன்றும் அவசரம் இல்லை," என்றான் அவன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினார். அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து வரும் என்று ஒருவரும் நினைத்திருக்கவில்லை. அவன் வெளியே போய் மனைவிக்கு எடுத்தான். பால் முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் எடுத்திருக்கிறாள்.

ஒரு கோடையில் அவரை ஹம்மில் இருக்கிற ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேட்டுத்தான். சனக்கூட்டம் என்றால் எத்தனை வெளிவாசல், தண்ணீர் எங்கே என்று பார்க்கிற ஆள். ஆயிரக்கணக்கான ஆட்கள், தவில், கர்ப்பூரப் புகை. ஆண்கள் வேட்டியோடு வீதியில் உருண்டு பிரதட்டை செய்துகொண்டு போனார்கள். ஓரத்தில் செருப்புகளோடு கிடந்த ஒரு பையில் கைத்தொலைபேசி அடித்தது. அடித்து நின்று திரும்ப அடித்தது. நான் பார்க்குமுன் அவர் குனிந்து பையைத் திறந்து, "அலோ, பொயர்வேர்!" என்றார். மறுபக்கம் ஒரு பெண் தமிழில் கத்துவது எனக்கே கேட்டது. போனை வாங்கி நான் பேசினேன். கனடாவிலிருந்து. பையை வைத்துவிட்டு உருண்டுகொண்டிருந்த ஒருவரின் தங்கச்சி. அவவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. நான் சொல்ல, அவர் உருண்டுகொண்டு போனவருக்குப் பக்கத்தில் குனிந்து நடந்தபடி, "பிள்ளை! பெண்! சுகம்!" என்று ஜேர்மனில் சொல்லிக்கொண்டு போனார். உருண்டவர் புழுதிக்குள்ளால் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தொடர்ந்து உருண்டார். அலோக்காரர் சிரித்த அந்த நாலைந்து தடவையில் அது ஒன்று.

காலம் போனது. நான் கலியாணம் முடித்தேன், தொழிற்சாலையில் நிரந்தரமானேன், குடியுரிமை எடுத்தேன். படையில் பதிவாளர் பொறுப்பு எனக்கு வந்தது. கூட்டக் குறிப்பு, தீ விபத்துப் பதிவேடு எல்லாம் நான்தான் எழுதவேண்டும். என் மனைவி ஊரின் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் அவர் அங்கே வந்து சேர்ந்தார். நுரையீரல். பழைய தீயணைப்பாளர்களில் பலருக்கு வருவது.

"உங்கட அலோக்காரர் எங்களுக்கு வேலை வைக்கிறேல்ல," என்பாள். "ஆனா ஆரின்ரை அறையில போன் அடிச்சாலும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போயிடுவார். கீழ்மாடி அம்மா ஒராள், தன்ரை மகன் எடுத்தாக்கூட அவர்தான் முதல் கதைக்கிறார் எண்டு முறைப்பாடு குடுத்திட்டா."

போன வருடம் நகர எல்லையில் புதிய தீயணைப்பு நிலையம் கட்டி முடித்தார்கள். பழைய கட்டடம் சிறுவர் பராமரிப்பு நிலையமாக மாறவிருந்தது. அதை ஒப்படைக்கிற நாளுக்காக, கட்டடத்தின் வரலாற்றை ஒரு சிறு புத்தகமாகப் போடுவதென்று முடிவானது. எழுதும் வேலை என்னிடம் வந்தது.

நான் பதிவேடுகளையெல்லாம் இறக்கிப் படித்தேன். கட்டடங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதை அப்போதுதான் கண்டேன். முதலில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் கைப்பம்பு நிறுத்த ஒரு மரக்கொட்டில். பிறகு உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே செங்கல் சுமந்து கட்டிய இந்தக் கூடம். கோபுரம் பிறகு வந்தது. யுத்தம் முடிந்தபின், கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜேர்மன் அகதிகளை மேல்மாடியில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அலோக்காரருடைய தாயின் பெயர் இருந்தது. அவர் பிறந்ததே அங்கேதான், நான் கட்டில் போட்டுப் படுத்த அதே அறையில். பிறகு அவர்கள் அங்கேயே தங்கி, தீயணைப்பு ரெலிபோனை எடுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். வார நாட்களில் தாய், ஞாயிற்றுக்கிழமைகளில் மகன். அவர்களுக்குப் பின் நாங்கள். எங்களுக்குப் பின் பொஸ்னியாக்காரர். இதை அவர் ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லை.

முன்பொரு ஆண்டுவிழாவுக்குப் போட்ட பழைய புத்தகம் ஒன்றும் கிடைத்தது. அதில் ஊரின் பெரிய தீ விபத்துப் பற்றி ஒரு பந்தி. எழுபதுகளில், நகரத்தின் வடக்கே ஒரு பண்ணையின் தானியக் கொட்டகை எரிந்தது. குதிரைகளை அவிழ்த்துவிட உள்ளே போன பண்ணைக்காரர் கூரை விழுந்து இறந்தார். "துரதிர்ஷ்டவசமாக, பதற்றத்தில் அவருடைய பதினொரு வயது மகள் பிழையான எண்ணைச் சுழற்றியதால் பெறுமதியான நிமிடங்கள் வீணாகின," என்று எழுதியிருந்தது.

அந்தப் பந்தியை என் கணினியில் அப்படியே பிரதி பண்ணினேன். பழைய ஆட்களிடம் ஒருதரம் வாசித்துச் சரிபார்ப்பது நல்லது என்று நினைத்து, ஒரு சனிக்கிழமை காலை முதியோர் இல்லத்துக்குப் போனேன். அலோக்காரர் யன்னலோரம் இருந்தார். மூக்கில் ஒட்சிசன் குழாய். நான் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த வசனத்தில் கையை உயர்த்தினார்.

"அப்படி இல்லை," என்றார்.

"என்ன அப்படி இல்லை?"

"பிள்ளை பிழையாகச் சுழற்றவில்லை."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார். இடையில் நிறுத்தி நிறுத்தி, ஆனால் ஒரு சொல்லும் மாற்றித் தேடாமல். இதை அவர் மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கவேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தாய் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் கீழே முற்றத்தில் தன்னுடைய மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கட்டவிருந்த பெண்ணோடு முதல் நாள் பெரிய சண்டை. தேவாலய மணி இரண்டேகால் அடித்து ஓய்ந்தபோது மேலே ரெலிபோன் அடித்தது. யன்னல் திறந்திருந்தது. கேட்டது. அவள்தான் தன்னை அழைக்கிறாள் என்று நினைத்தார். அடிக்கட்டும் என்று விட்டார். நின்றது. திரும்ப அடித்தது. அப்போதும் போகவில்லை. மூன்றாம் தரம் அடித்தபோது கோபத்தோடு ஏறிப்போய் எடுத்து, எடுத்தவுடனேயே கத்தினார்: "போதும்! இனிமேல் இங்கே எடுக்காதே!" மறுபக்கம் ஒரு சின்ன மூச்சு. பிறகு வைத்துவிட்ட சத்தம். அவளுடைய மூச்சு அப்படி இராது என்று அவருக்குத் தெரிந்தது. ரெலிபோனின் முன்னாலேயே நின்றார். நாலாம் தரம் அடித்தபோது முதல் மணியிலேயே எடுத்து, "அலோ, பொயர்வேர்," என்றார். ஒரு சிறுமி அழுதுகொண்டு பண்ணையின் பெயரைச் சொன்னாள். மணி இரண்டு இருபத்துமூன்று. பதிவேட்டில் அதைத்தான் எழுதினார்.

"அது பொய் இல்லை. எடுத்த நேரம் அதுதான்," என்றார்.

பிள்ளை பெரியவர்களிடம், எவ்வளவு நேரமும் ஒருவரும் எடுக்கவில்லை, பிறகு ஒரு ஆள் ஏசினார் என்று சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் வேறு யாரோ வீட்டு எண்ணைச் சுழற்றியிருக்கிறாய் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவளும் நம்பிவிட்டாள்.

"ஏன் அப்பவே சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"முதல் நாள் சொல்லியிருக்கவேண்டும். செத்தவீடு முடியட்டும் என்று இருந்தேன். பிறகு ஒரு கிழமை போனது. பிறகு புத்தகத்தில் அச்சடித்துவிட்டார்கள். அச்சடித்தால் அதுதான் நடந்தது என்று ஆகிவிடுகிறது."

"அந்தப் பெண்?"

"அவள் பிறகு எடுக்கவே இல்லை."

நான் கேட்டது பண்ணைக்காரரின் மகளைப் பற்றி. அவர் சொன்னது தான் கட்டவிருந்தவளைப் பற்றி. நான் திருத்தவில்லை.

எனக்குக் கோபம் வந்தது என்பதையும் எழுதவேண்டும். பண்ணைக்காரரின் மகளை எனக்குத் தெரியும். கிட்டத்தட்ட என் வயது. அதே நிலத்தில் பூக்கன்று வளர்த்து விற்கிறார். படையின் எல்லா மலர்வளையமும் அவரிடம்தான் வாங்குவோம், பெரும்பாலும் இவர்தான் போய் வாங்கி வருவார். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெண்ணின் கையிலிருந்து மலர்வளையம் வாங்கியிருக்கிறார். ஊரெல்லாம் ஓடி ஓடிப் பிறருடைய ரெலிபோனை எடுத்த மனிதருக்கு, அந்தக் கடையில் இரண்டு வசனம் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் அப்பாவின் செய்தியை எழுதிவைத்த கை இது என்பதும் எனக்கு நினைவிருந்தது. இரண்டையும் என்னால் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

"இதை எழுது," என்றார். "என் பெயரோடு."

படைத் தலைவரிடம் சொன்னேன். என்னைவிட இருபது வயது இளையவர், நல்ல மனிதர்.

"இது கொண்டாட்டப் புத்தகம். அந்த மனிதர் இன்னும் எத்தனை மாதம் இருக்கப்போகிறார்? நிம்மதியாகப் போகட்டும். அந்தப் பந்தியையே எடுத்துவிடு. பொய்யும் இல்லை, பிரச்சினையும் இல்லை," என்றார்.

அது நியாயமான யோசனைதான். நான் வீட்டுக்குப் போய் அந்தப் பந்தியை அழித்தேன். அழித்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"புத்தகத்தில போடுறது போடாதது உங்கட விசயம்," என்றாள். "ஆனா அந்த மனிசிக்குச் சொல்லாம விட ஏலாதெல்லே. இப்ப உங்களுக்கும் தெரியும். இனி நீங்களும் அவரும் ஒண்டுதான்."

அடுத்த நாள் வேலை முடிந்து பூக்கன்றுத் தோட்டத்துக்குப் போனேன். அந்தப் பெண் கண்ணாடிக் கூடாரத்துக்குள் சட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார். என்ன மலர்வளையமா, யார் செத்தது என்று கேட்டார். நான் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவருடைய கை நிற்கவில்லை. ஒரு சட்டி, இன்னொரு சட்டி, இன்னொரு சட்டி.

"ஏசினதாகச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"ஓம்."

"என்ன சொல்லி ஏசினதாம்?"

"போதும், இனிமேல் இங்கே எடுக்காதே என்று."

கை நின்றது. "அந்தச் சொற்களை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை," என்றார். "ஏசினார் என்றுதான் சொன்னேன். என்ன ஏசினார் என்று ஒருவரும் கேட்கவில்லை."

கைகளை மேலங்கியில் துடைத்தார். சப்பாத்தில் மண்ணோடேயே என் காரில் ஏறினார்.

முதியோர் இல்லத்தில் அவரைக் கண்டவுடன் அலோக்காரர் எழும்ப முயன்றார். முடியவில்லை. அந்தப் பெண் கதிரையில் இருக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நான் வெளியே போகப் பார்த்தேன். நில் என்று அந்தப் பெண் கை காட்டினார்.

"அப்பா தப்பியிருப்பாரா? அந்த எட்டு நிமிடத்தில்?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நிரூபிக்க முடியாது. நான் அலோக்காரருடைய இடத்தில் இருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

"தெரியாது," என்றார் அலோக்காரர். "எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்தேன். சில நாள் தப்பினார், சில நாள் இல்லை."

"எனக்கும் அப்படித்தான்," என்றார் அந்தப் பெண்.

அலோக்காரர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "புத்தகத்தில் வரவேண்டும்," என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். படைத் தலைவரின் அலுவலகத்துக்கும் அன்றே நேரில் போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பின்னேரம் தலைவர் எனக்கு எடுத்து, "எழுது. சுருக்கமாக," என்றார்.

நான் எழுதியது மூன்று வசனம். பதினொரு வயது மகள் சரியான எண்ணையே நாலு தடவையும் சுழற்றினாள். பொறுப்பிலிருந்தவர் எடுக்கவில்லை. எட்டு நிமிடம் தாமதமானது. பெயரும் போட்டேன். அச்சுக்குப் போகுமுன் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது அவர் பேசுவது மிகவும் குறைந்துவிட்டிருந்தது. இரண்டாவது வசனத்தில் விரலை வைத்தார்.

"எடுக்கவில்லை என்றால், ஆள் வெளியே போயிருந்தான் என்று நினைப்பார்கள். கேட்டும் எடுக்கவில்லை என்று எழுது."

அந்தச் சொல்லைச் சேர்த்தேன்.

புத்தகம் வருவதற்குப் பத்து நாளைக்கு முன் அவர் இறந்துபோனார். படை மரியாதையோடு அடக்கம் செய்தோம். மலர்வளையம் வாங்கப் போனவன் நான். பூக்கன்றுக்காரப் பெண் எப்போதும்போலக் கட்டித் தந்தார். அடக்கத்துக்கு வரவில்லை.

கட்டடம் ஒப்படைத்த நாளில் வந்தார். பேச்சுகள் நடந்தபோது வாசலிலேயே நின்றார். முடிந்தபின் என்னிடம் வந்து ஒரு புத்தகம் கேட்டார். தாய்க்கு என்றார். அப்போதுதான் எனக்கு அவருடைய தாய் இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்தது. தொண்ணூறு தாண்டிவிட்டதாம். அந்த நாளிலிருந்து தாய் இதைப் பற்றித் தன்னிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை, ஒரு சொல்லும் ஏசினதில்லை என்றார்.

ஒரு கிழமை கழித்து அவரைச் சந்தையில் கண்டேன். தக்காளிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, தாய்க்கு வாசித்துக் காட்டினீர்களா என்று கேட்டேன்.

"காட்டினேன். கண் தெரியாது, காது கொஞ்சம் கேட்கும். பக்கத்தில் இருந்து உரத்து வாசித்தேன்," என்றார்.

"என்ன சொன்னா?"

"என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொருதரம் வாசி என்றார்."